குவாத்திமாலாவிலிருந்து வந்த மெக்சிகோக்காரர்

நான் இதுவரை போயிருக்கும் ஒரே வெளிநாடு கேரளா. கம்பம்மெட்டு ஏறினால் ஒரு செக்போஸ்ட், ஒரு தடுப்புக் கம்பி, இரண்டு மொழியில் ஒரு பலகை. அந்தப் பக்கம் புட்டும் கடலையும். இதை வெளிநாட்டுப் பயணம் என்று என் பாஸ்போர்ட்கூட ஒப்புக்கொள்ளாது. ஆனாலும் சென்ற மாதம் நான்கு நாளில் நான் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். அதில் இரண்டே நாள்தான் தேனி மாவட்டத்தைத் தாண்டினேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் சித்தப்பாவின் வாய். எங்கள் பக்கத்தில் யாரிடம் பேசினாலும், பிரியும்போது "ஒருக்கா ஊருக்கு வந்துட்டுப் போங்க" என்று சொல்லிவிடுவோம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வோம். தவறான நம்பருக்கு அழைத்தவரிடம்கூட என் அப்பா சொல்லியிருக்கிறார். யாரும் வரப்போவதில்லை என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். சித்தப்பா கம்பத்துக்காரர். மலைமேல் ஏலக்காய்த் தோட்டம், போடியில் வியாபாரம். இரண்டு வருடத்துக்கு முன் துபாயில் ஒரு வணிகக் கண்காட்சிக்குப் போனவர், பக்கத்து மேசையில் நின்றிருந்த குவாத்திமாலாக்காரர் ஒருவரிடம் நெஞ்சில் கைவைத்து "ஒருக்கா வாங்க" என்றிருக்கிறார். யாரோ ஒரு புண்ணியவான் அதை மொழிபெயர்த்தும் கொடுத்துவிட்டார். குவாத்திமாலாவில் நம் பழக்கம் தெரியாது போலிருக்கிறது. அந்த மனிதர் நிஜமாகவே கிளம்பி வந்துவிட்டார்.

குவாத்திமாலா என்றால் எங்கள் பள்ளத்தாக்கில் என்ன அர்த்தம் என்று சொல்லிவிடுகிறேன். உலகத்தில் ஏலக்காய் பெரிய அளவில் விளைவது இரண்டே இடத்தில். ஒன்று எங்கள் தலைக்கு மேலே இருக்கும் மலை. இன்னொன்று குவாத்திமாலா. இரண்டையும் வாங்கிக் காபியில் போட்டுக் குடிப்பவர்கள் அரபு நாட்டுக்காரர்கள். அங்கே நன்றாக விளைந்தால் இங்கே விலை விழும். அதனால் குஜராத் எந்தப் பக்கம் என்று தெரியாத போடி டீக்கடைக்காரருக்கும், குவாத்திமாலாவில் நேற்று மழை பெய்ததா என்பது தெரியும். சித்தப்பா வியாபாரிகள் சங்கத்தில் முப்பது வருடமாகப் பேசிவருகிறார். ஒவ்வொரு பேச்சிலும் குவாத்திமாலாவைத் திட்டாமல் அவர் உட்கார்ந்ததில்லை. இந்த முறை செயலாளர் பதவிக்கு நிற்கிறார். தேர்தல் ஞாயிற்றுக்கிழமை. விருந்தாளி வந்து இறங்கியது புதன்கிழமை.

"ஆத்தா, நீதேன் காப்பாத்தணும்" என்று போனில் அழாத குறையாகச் சொன்னார். என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம், மாவட்டத்தில் ஸ்பானிய மொழி தெரிந்த ஆள் அநேகமாக நான் ஒருத்திதான். சென்னையில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம் ஸ்பானிய மொழி இன்ஷூரன்ஸ் புகார்களுக்குப் பதில் எழுதினேன். இப்போது அதே வேலையைப் பழனிசெட்டிபட்டி வீட்டு மாடியிலிருந்து செய்கிறேன். "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்பதை ஸ்பானிய மொழியில் நூறு விதமாகச் சொல்வேன். "பசிக்கிறதா?" என்று கேட்கச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பேன்.

மதுரை விமான நிலையத்தில் டொமிங்கோ என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு, வெளுத்த தோலையும் பெரிய தொப்பியையும் தேடிக்கொண்டிருந்தேன். எல்லாரும் போன பிறகு, குள்ளமாக, கறுப்பாக, எண்ணெய் வைத்துச் சீவியதுபோன்ற தலைமுடியுடன் ஒருவர் எனக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். டாக்சி டிரைவர் என்று நினைத்து, "வேண்டாங்கண்ணே" என்றேன். அவர் அட்டையைத் தொட்டு, தன் நெஞ்சைத் தொட்டார். சின்னமனூர் சந்தையில் விட்டால் அடுத்த நிமிடம் யாராவது அவரிடம் தக்காளி என்ன விலை என்று கேட்டிருப்பார்கள்.

சித்தப்பாவின் கார் ஓட்டுச் சேகரிக்கப் போய்விட்டதால் பஸ். உசிலம்பட்டி தாண்டும்வரை படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். கண்டக்டர் டொமிங்கோவின் முதுகில் தட்டி, "அண்ணே, உள்ள போங்க. எத்தன தடவ சொல்றது, காது கேக்கலையா?" என்றார். வெளிநாட்டுக்காரர் என்று நான் சொன்னதும், டொமிங்கோவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்த வெளிநாடு, ஆண்டிபட்டியா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. என்ன சொன்னார் என்று டொமிங்கோ கேட்டார். வரவேற்கிறார் என்றேன். நான்கு நாளில் நான் செய்த முதல் பொய் மொழிபெயர்ப்பு அது.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போதுதான் அவர் எதற்காக வந்தார் என்பது தெரிந்தது. போனை எடுத்துப் படங்களைக் காட்டினார். ஏலச்செடிகளின் இலைகள் மஞ்சளாகப் பழுத்துத் தொங்கின. காய்களின் தோல் சொறி பிடித்ததுபோல் இருந்தது. த்ரிப்ஸ் என்று சொல்வார்கள், பேனைவிடச் சின்னப் பூச்சி. அவர் ஊர் கூட்டுறவுச் சங்கத்தில் நாற்பது குடும்பம். எல்லார் தோட்டமும் இதே கதி. இந்தியாவில் இந்தப் பூச்சி ரொம்ப காலமாக இருக்கிறது, ஆனாலும் விளைச்சல் எடுக்கிறார்களே, போய்ப் பார்த்துவிட்டு வா என்று எல்லாரும் சேர்ந்து அனுப்பியிருக்கிறார்கள். யாரைப் போய்ப் பார்ப்பது? துபாயில் ஒருவர் வரச்சொன்னாரே, அவரைத்தான்.

"என் மூத்த மகளுக்குப் பத்தொன்பது வயது" என்றார். "வடக்கே போக மூட்டை கட்டி வைத்திருக்கிறாள். மெக்சிகோவைத் தாண்டி, அமெரிக்காவுக்கு. ஆள் கடத்துகிறவனிடம் பேசியும்விட்டாள். நான் திரும்பி வரும்வரை பொறு என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அவள் அண்ணன் அப்படித்தான் போனான். போன வருடம் விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்தவன் வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை. இவள் போகக் கூடாது."

அவருக்குத் தாய்மொழி ஸ்பானிய மொழி இல்லை. கெக்சி என்கிற மாயா மொழி. ஸ்பானிய மொழியைப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக் கற்றது. அதனால் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசினார். இன்ஷூரன்ஸ் ஸ்பானிய மொழிக்காரியான எனக்கு அது வசதியாக இருந்தது.

அதே நேரத்தில் சித்தப்பா வந்தார். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். "வெளிநாட்டுக்காரரு எங்க?" என்றார். காட்டினேன். துபாய்க் கண்காட்சியில் கோட்டுப் போட்டு நின்றவர் இப்போது கைலி கட்டி ரசம் குடித்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவின் முகத்தில் நிம்மதி பரவியது.

"நம்ம ஆளு மாதிரியே இருக்காரே! வாய் பேச முடியாதவருன்னு சொல்லிருவோமா?"

"சித்தப்பா!"

"சரித்தா, மெக்சிகோன்னு சொல்லு. மெக்சிகோ மேல நம்ம ஊர்ல யாருக்கும் கோவம் கெடையாது. ஞாயித்துக்கெழம வரைக்கும். தோட்டத்துப் பக்கம் மட்டும் கூட்டிட்டுப் போகாத."

தோட்டத்தைப் பார்க்கத்தானே பாதி உலகத்தைத் தாண்டி வந்திருக்கிறார் என்றேன். சித்தப்பா காதில் வாங்காமல் டொமிங்கோவைக் கட்டிப்பிடித்து, "நல்லா சாப்பிடுங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு அடுத்த ஓட்டைத் தேடிப் போனார்.

மறுநாள் போடி. ஏலக்கூடத்துக்கு எதிரில் ஒரு டீக்கடை இருக்கிறது. அதைக் கடை என்று சொல்வது தப்பு, அது வெளியுறவுத் துறை. காலை ஒன்பது மணிக்கு எல்லா நாட்டுக்கும் ஆள் ஆஜராகிவிடும். செங்கடலுக்கு ஒரு வாழைக்காய் வியாபாரி. அங்கே கப்பலை அடிக்கிறார்கள் என்றதும் கன்டெய்னரெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகிறது என்பதை வடையை மேசையில் நகர்த்தியே விளக்கிவிடுவார். கிளாஸ்தான் எகிப்து. ரஷ்யாவையும் உக்ரைனையும் உரக்கடைக்காரர் பார்த்துக்கொள்கிறார். பொட்டாஷ் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத்தான் தெரியும், அதனால் அந்தச் சண்டையில் அவர் சொல்வதே முடிவு. சவூதி, குவைத்துக்கு மகன்களை அனுப்பியவர்கள் தனி பெஞ்ச். டெல்லியில் இதைப் பற்றியெல்லாம் பேச எத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள் என்று தெரியாது. இங்கே டீக்குக்கூட ஆளாளுக்குத் தனித்தனியாகத்தான் கொடுத்துக்கொள்கிறார்கள்.

டொமிங்கோவை மெக்சிகோக்காரர் என்று அறிமுகப்படுத்திவிட்டு, அவருக்கு ஏலக்காய் டீ சொன்னேன். ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸுக்குள்ளே எட்டிப் பார்த்தார்.

"இதுதானா?"

"எதுதானா?"

"ஏலக்காய். இருபத்தைந்து வருடமாக விளைவிக்கிறேன். இப்போதுதான் முதல்முறை குடிக்கிறேன். எங்கள் ஊரில் யாரும் இதைச் சாப்பிடுவதில்லை. எல்லாம் கப்பலுக்குப் போய்விடும்." இன்னொரு வாய் குடித்தார். "எங்கள் காய வைக்கிற கொட்டகை மாதிரி இருக்கிறது" என்றார். பாராட்டா, குறையா என்று தெரியவில்லை. கிளாஸைக் காலி செய்து இன்னொன்று கேட்டார்.

அப்போதுதான் அது நடந்தது. உரக்கடைக்காரர் பேப்பரை மடித்துவிட்டு, "குவாத்திமாலாவுல இந்த வருசமும் ஒண்ணுமில்லையாம். பூச்சி மொத்தத்தையும் தின்னுருச்சாம்" என்றார். பெஞ்சே மலர்ந்தது. ஒருவர் இன்னொருவர் தொடையில் தட்டினார். "பூச்சிக்குப் பூசை போடணும்யா" என்றார் ஒருவர். "குவாத்திமாலாக்காரன் தலையில துண்டப் போட்டுக்கிட்டுப் போகட்டும், நமக்கு இனி ரெண்டு வருசம் கவலையில்ல" என்றார் இன்னொருவர். டீ மாஸ்டர் சந்தோஷத்தில் எல்லாருக்கும் ஒரு இழுவை அதிகமாக இழுத்து ஆற்றினார். மெக்சிகோக்காரருக்கு ஒரு வடை இலவசம் என்றும் சொன்னார்.

என்ன சிரிப்பு என்று டொமிங்கோ கேட்டார். சினிமா பற்றிப் பேசுகிறார்கள் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வடையைத் தின்றார். நல்லவேளை, தமிழ் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். படித்தவள் என்று பெயர், இந்த லட்சணத்தில் இருக்கிறது மூளை.

ஏலக்கூடத்துக்குள் கம்ப்யூட்டர்களுக்கு முன்னால் வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாதிரிக் காய் தட்டு ஒவ்வொன்றாக வரும், கையைவிட்டு அள்ளுவார்கள், நகத்தால் பிளந்து பார்ப்பார்கள், மிச்சத்தைக் கீழே போட்டுவிட்டு விரலால் பட்டனை அழுத்துவார்கள். நடக்கிறபோதெல்லாம் காலடியில் ஏலக்காய் நொறுங்கியது. டொமிங்கோ யாரும் பார்க்காதபோது குனிந்து நான்கு காயைப் பொறுக்கினார். மிதிக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. நான் பார்த்ததைப் பார்த்ததும் திரும்பக் கீழே போட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் தெற்கே இறங்கினோம். உத்தமபாளையத்தில் மதியம் பிரியாணி. கடைக்காரரின் மூன்று மகன்களும் மூன்று வளைகுடா நாட்டில் இருக்கிறார்கள். அதனால் கல்லாவுக்கு மேலே மூன்று கடிகாரம். நான்காவதாக உள்ளூர் நேரம் காட்டுவது ஓடவில்லை. அந்தப் பக்கம் எங்காவது ஏவுகணை பறந்தால் மூன்று மருமகள்களும் ஒரே நேரத்தில் அழைப்பார்கள் என்றும், தான் பிரியாணி தம்மை விட்டு நகர முடியாதென்றும் சொன்னார். "டீவில வரைபடம் காட்டுறாக. எம்புள்ளைக இருக்குற தெருவ மட்டும் காட்ட மாட்டேங்குறாக" என்று அவர் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் சிரித்தார்.

கம்பம் போகும் வழியில் ஒரு மக்காச்சோளக் காட்டைப் பார்த்ததும் டொமிங்கோ ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினார். கதிர் ஒன்றைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அவர்களுக்கு மக்காச்சோளம்தான் சோறு, சாமி, எல்லாம். இதை யார் சாப்பிடுவார்கள் என்று கேட்டார். கோழி என்றேன். "மனிதர்கள்?" என்றார். அந்தக் கோழியை மனிதர்கள் சாப்பிடுவார்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை, ஏலக்காயைக் குடிக்காமல் கப்பலேற்றுகிற ஒரு நாட்டுக்காரர் பார்க்கவே கூடாது. அப்படியே சொல்லிவிட்டேன். நான்கு நாளில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

அந்தச் சிரிப்பு அடங்கியபோது, பன்னீர் திராட்சைப் பந்தல் ஒன்றின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். தோட்டக்காரர் கொடுத்த ஒரு கூடைப் பழம் எங்கள் நடுவில் இருந்தது. டொமிங்கோ ஒரு பழத்தை உருட்டிக்கொண்டே, "நேற்று டீக்கடையில் சந்தோஷப்பட்டார்கள் இல்லையா?" என்றார்.

"சினிமா..." என்று ஆரம்பித்தேன்.

"ஒன்பது தடவை" என்றார். "குவாத்திமாலா என்று ஒன்பது தடவை சொன்னார்கள். எண்ணினேன். எங்கள் நாட்டின் பெயர் எல்லா மொழியிலும் அதேதான்."

எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. அந்த ஒன்பதையும் கேட்டுக்கொண்டு, அந்த ஓசி வடையையும் தின்று முடித்து, மாஸ்டருக்கு நன்றியும் சொன்ன மனிதர் இவர். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. இங்கே மழை பொய்த்த வருடம் அவர்கள் ஊரிலும் இப்படித்தான் இருந்தது, பட்டாசே வெடித்தார்கள், நானும் வெடித்தேன் என்றார். "அப்போது உங்கள் முகம் எனக்குத் தெரியாது." பிறகு, "எனக்குச் செடியைப் பார்க்க வேண்டும், செனோரா. நாளை மறுநாள் விமானம்" என்றார்.

சித்தப்பாவுக்குப் போன் பண்ணவில்லை. முடிவு செய்துவிட்டேன். செய்த பொய்க்கெல்லாம் சேர்த்து ஒரு காரியமாவது உருப்படியாகச் செய்யலாமே.

விடியற்காலையில் கம்பத்து ஜீப் ஸ்டாண்டைப் பார்க்காதவர்கள் ஒரு நாடு எல்லை தாண்டுவதைப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். நூற்றுக்கணக்கான பெண்கள், இடுப்பில் சாக்கு, கையில் தூக்குச்சட்டி, காலில் ரப்பர் பூட்ஸ். எட்டுப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினேழு பேர். மலைமேல் கேரளத்துத் தோட்டங்களுக்குப் போய், காய் பறித்து, மாலையில் திரும்ப வேண்டும். நாங்கள் ஏறிய ஜீப்பில் இருந்தது சித்தப்பா தோட்டத்து ஆட்கள். தலைமை முத்துப்பேச்சி. ஐம்பதைத் தாண்டிய, கட்டையான குரல் கொண்ட பெண். "மொதலாளி மக வந்துருக்கு, தள்ளி உக்காருங்கடி" என்று எனக்கு அரை அடி இடம் வாங்கிக் கொடுத்தார். டொமிங்கோ பின்னால் தொங்கினார்.

மூன்றாவது கொண்டை ஊசியில் ஜீப் இருமிவிட்டு நின்றது. டிரைவர் இறங்கவேயில்லை. பதினாறு பெண்களும் இறங்கி, சேலையைச் செருகிக்கொண்டு தள்ளினார்கள். தினமும் நடப்பதாம். டொமிங்கோவும் தோள் கொடுத்தார். வண்டி உறுமியதும் எல்லாரும் ஓடி ஏறினார்கள். அவரும் அதே வேகத்தில் ஓடி அதே கம்பியைப் பிடித்தார். முத்துப்பேச்சி அதைக் கவனித்தார்.

செக்போஸ்டில் நான் அவரிடம் ஒரே ஒரு விதி சொன்னேன். இந்தப் பக்கம் குவாத்திமாலா என்று சொல்லக் கூடாது, அந்தப் பக்கம் அணை என்று சொல்லக் கூடாது. காரணம் கேட்டார். எங்களுக்கும் எங்கள் அண்டை நாட்டுக்கும் தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் மனஸ்தாபம் என்றேன். புரிகிறது என்றார். எல்லாருக்கும் பக்கத்தில் ஒரு மெக்சிகோ இருக்கிறது என்றும் சொன்னார்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் அந்த மனிதர் வேறு ஆளாகிவிட்டார். ஒரு செடியின் முன் மண்டிபோட்டார். தரையில் படர்ந்த காய்ச் சரத்தைத் தூக்கும்போது ஒரு காயும் உதிரவில்லை. ஒரு காயைக் கிள்ளி, கட்டைவிரல் நகத்தால் பிளந்து, விதையின் நிறம் பார்த்து, மூக்கில் வைத்தார். அடித்தட்டையை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். பெண்கள் ஒவ்வொருவராக வேலையை நிறுத்தினார்கள்.

"தாயி" என்றார் முத்துப்பேச்சி. "இவுக மெக்சிகோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏலக்காக்காரக. எந்த ஊரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் டொமிங்கோ எழுந்து நின்று, தானே சொன்னார். "குவாத்திமாலா."

பறிக்கிற சத்தம் மொத்தமாக நின்றது. அந்தச் சொல் தெரியாதவர் அந்த மலையில் யாருமில்லை. முத்துப்பேச்சி அவர் பக்கம் ஓர் அடி வந்தார்.

"அங்கன பூச்சி விழுந்துருச்சாமே?"

மொழிபெயர்த்தேன். ஆமாம் என்றார்.

"அப்ப காய் பறிக்கிற பொம்பளைகளுக்கு இப்ப என்ன வேல?"

அதையும் மொழிபெயர்த்தேன். யாரும் இதுவரை அவரிடம் கேட்காத கேள்வி அது. நானும் கேட்கவில்லை. வேலை இல்லை, பாதிப் பேர் வடக்கே போய்விட்டார்கள், என் மகளும் கிளம்பி நிற்கிறாள் என்றார். மகள் விஷயம் முழுவதையும் நான் சொன்னேன். இந்த முறை ஒரு சொல்லும் விடவில்லை.

முத்துப்பேச்சி இடுப்புச் சாக்கை அவிழ்த்துக் கீழே போட்டார். "மழ இல்லாத வருசம் நாங்க ஜீப் ஸ்டாண்டுல உக்காந்து உக்காந்து எந்திரிச்சுப் போனோம். ஒரு வண்டி மேல ஏறல. அப்ப எம்மக திருப்பூருக்குப் போனவதேன், இன்னும் வரல." டொமிங்கோவின் மணிக்கட்டைப் பிடித்துச் செடியருகே இழுத்தார். "இங்கிட்டு வாங்க. மருந்து மட்டும் அடிச்சா பூச்சி தண்டச் சுத்தியிருக்குற தாளுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுச் சிரிக்கும். காஞ்ச தாள உரிக்கணும். பச்சையத் தொடக் கூடாது. இந்தா, கீழருந்து. ஒரே இழுப்பு. உரிச்சத செடிக்கிட்ட போடாதீக, தள்ளிப் போடுங்க."

கவாத்து என்று இங்கே சொல்லும் வேலை. எங்கள் மலையில் எந்தத் தோட்டத்திலும் கண்ணை மூடிக்கொண்டு செய்வது. நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. முத்துப்பேச்சி டொமிங்கோவின் கையைத் தட்டிவிட்டார், திருத்தினார், இன்னொரு செடிக்கு இழுத்துப் போனார். "நெழல வெட்டிட்டீகளா? மரத்த வெட்டுனா பூச்சிக்குக் கொண்டாட்டம்" என்றார். டொமிங்கோ தலையில் கைவைத்தார். அவர்கள் அதையும் செய்திருந்தார்கள். போனை என்னிடம் கொடுத்து, வீடியோ எடுக்கச் சொன்னார்.

பாதியில் சித்தப்பா வந்துவிட்டார். தனியாக இல்லை. தோட்டத்தைக் காட்டி விருந்து வைத்து ஓட்டு வாங்க, சங்கத்துப் பெரிய ஆட்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர்களில் ஒருவர், தங்கச் சங்கிலியைச் சட்டைக்கு மேலே போட்டிருந்தவர், "குவாத்திமாலா" என்று பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டார். "யாருய்யா இது?" என்றார். சித்தப்பா "மெக்..." வரைக்கும் சொன்னார். அதற்கு மேல் வரவில்லை. டொமிங்கோ மண் அப்பிய கையோடு எழுந்து சங்கிலிக்காரருக்கு வணக்கம் வைத்தார், நான்கு நாளில் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ப் பழக்கம்.

"நம்ம தொழில எதிரிக்குச் சொல்லிக் குடுக்குறீகளா? மொதல்ல ஆள வெளிய அனுப்புங்க" என்றார் சங்கிலிக்காரர்.

சித்தப்பா நல்லவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கோபக்காரர். இந்த உலகத்தில் சில நல்ல காரியங்கள் கோபத்தால்தான் நடக்கின்றன.

"என் தோட்டத்துக்கு வந்தவுகள வெளிய போகச் சொல்ல நீ யாருய்யா?" என்று கத்தினார். "நாந்தேன் வரச்சொன்னேன். சாப்பிட்டுத்தேன் போவாக. நீ வேணும்னா பசியோட போ."

மூன்று பேரும் பசியோடுதான் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா படுதோல்வி அடைந்தார். மறுநாள் போன் பண்ணி, "ஒரு மெக்சிகோக்காரன்கூட எனக்கு ஓட்டுப் போடலத்தா" என்றார். இரண்டு வருடம் கழித்து விலை விழுந்தால் யாரைத் திட்டுவது என்று போடியில் இப்போதே என் பெயரும் அடிபடுகிறதாம்.

தோட்டத்துக்குப் போன அன்று மாலை ஐந்து மணிக்கு ஜீப் கம்பம்மெட்டுக்கு வந்தபோது எல்லார் போனிலும் ஒரே நேரத்தில் சிக்னல் வந்தது. டொமிங்கோ அந்த வீடியோவை மகளுக்கு அனுப்பினார். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். திரையில் சின்ன வட்டம் சுற்றியது. அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மகள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாளா என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. டிரைவர் கிளம்பவில்லை, முத்துப்பேச்சி கிளம்ப விடவில்லை.

பதில் குரலாக வந்தது. தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண், கெக்சி மொழியில், நாலே சொல். டொமிங்கோ அதை மறுபடியும் கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்பானிய மொழியில் என்னிடம் சொன்னார். நான் முத்துப்பேச்சியிடம் சொன்னேன்.

"கத்தியால உரிக்கிறதா, கையாலயான்னு கேக்குது."

"கத்தி எதுக்கு?" என்றார் முத்துப்பேச்சி. "கையாலதேன். இன்னைக்கே ஆரம்பிக்கச் சொல்லு."